நுரைக்குக் கீழே ஒரு வேர்

மழை பெய்த மறுநாள் காலையில் ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது தண்ணீர் அல்ல, நுரை. மதகுகளுக்குக் கீழே வெள்ளை வெளேரென்று பொங்கி நிற்கும். காற்றடித்தால் பிய்ந்து பறந்து சாலையிலும் கரையோர வயல்களிலும் விழும். தொலைக்காட்சிக்காரர்கள் வந்து படம் பிடிப்பார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை விவகாரம் போயிருக்கிறது. வெயில் ஏறினால் நுரை அடங்கிவிடும். அடுத்த மழைக்கு மறுபடி வரும். கன்னடத்தில் இதற்கு ‘நொரெ’, தெலுங்கில் ‘நுருகு’. மூன்று மொழியும் புழங்கும் ஊருக்குள் ஏறக்குறைய அதே பெயரோடுதான் அது எல்லை தாண்டி வருகிறது.

வருகிற வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். நந்தி மலைப் பகுதியில் தட்சிண பினாகினி என்ற பெயரில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூருவின் கிழக்கு ஓரத்தைத் தொட்டுக்கொண்டு தெற்கே இறங்குகிறது. பெல்லந்தூர் ஏரி நிரம்பி வர்த்தூர் ஏரிக்கும், வர்த்தூர் நிரம்பி இந்த ஆற்றுக்கும் நகரத்தின் கழிவுநீர் சேர்கிறது. 2015இல் நுரை மூடிய பெல்லந்தூர் ஏரி தீப்பற்றி எரிந்ததை நாடே பார்த்தது. கொடியாளம் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஆறு கெலவரப்பள்ளியில் தேங்கி, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் என்று நின்று நின்று சுமார் 400 கிலோமீட்டர் ஓடிக் கடலூரில் கடலோடு சேர்கிறது.

நுரையைச் சற்று நேரம் உற்றுப் பார்ப்போம். இந்தக் கட்டுரை பேசப்போகும் வேர்ச் சவ்வின் கதை, வியப்பாக, அதற்குள்ளேயே இருக்கிறது. சோப்பு, சலவைத்தூள் மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலை தண்ணீரை விரும்பும். வால் எண்ணெயின் இனம், தண்ணீரைக் கண்டால் விலகும். குமிழின் தோலில் இவை இரண்டு வரிசையாக நிற்கின்றன. இரு வரிசைத் தலைகளும் நடுவிலுள்ள மெல்லிய நீர்ப்படலத்தை நோக்கி. வால்கள் இருபுறமும் காற்றை நோக்கி. இந்த அமைப்பை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால், அதாவது வால்கள் நடுவில் ஒன்றையொன்று பார்த்தும் தலைகள் இருபுறமும் தண்ணீரைப் பார்த்தும் நின்றால், அதுதான் உயிருள்ள செல்லின் சவ்வு. சோப்புக்குப் பதில் பாஸ்போலிப்பிடு. குமிழ் மூலக்கூறுக்கு ஒரு வால் என்றால் இதற்கு இரண்டு. இரட்டை வரிசைதான் சவ்வு என்று 1925இல் கோர்ட்டரும் கிரென்டலும் சிவப்பணுக்களை வைத்துக் கணக்கிட்டுச் சொன்னார்கள். மொத்தத் தடிமன் 7, 8 நானோமீட்டர். இப்படி ஒரு லட்சம் சவ்வுகளை அடுக்கினாலும் ஒரு மில்லிமீட்டர் தேறாது.

நுரை கண்ணுக்குத் தெரிகிறது, நாற்றமும் அடிக்கிறது. அதனால் நம் கோபமெல்லாம் அதன் மேல்தான். காட்மியம், ஈயம், நிக்கல், குரோமியம் நுரைப்பதில்லை, நாறுவதும் இல்லை. கலங்காத தண்ணீரிலும் கரைந்திருக்கும். அதைவிட அதிகமாக வண்டலில் ஒட்டிக்கொண்டு அணையின் அடியில் படுத்திருக்கும். கழிவுநீர் பாயும் வயலில் பயிர் வாடுவதும் இல்லை. தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த நீர் அது; இலை கருகருவென்று வளரும். பச்சையைப் பார்த்துப் பயிரின் நலத்தைச் சொல்லிவிடலாம் என்ற நம் பழக்கம் இங்கே நம்மை ஏமாற்றுகிறது.

இந்த உலோகங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. ஓசூரின் சிப்காட் தொழிற்பேட்டை 1970களில் உருவானது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளும் சூழ்ந்தன. வண்டிக்கு ஆயிரக்கணக்கான இரும்புத் துண்டுகள். ஒவ்வொன்றும் துருப்பிடிக்காமல் இருக்க முலாம் வேண்டும். போல்ட்டுக்குத் துத்தநாகம், பளபளப்புக்கு நிக்கல், அதன்மேல் குரோம். பிளேட்டிங் பட்டறையில் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் தூக்கும் பாகத்தைத் தண்ணீரில் அலசுகிறார்கள். அலசிய தண்ணீரில் உலோகம் கரைந்து நிற்கிறது. பழைய போல்ட்டுகளில் தெரியும் மஞ்சள் மினுமினுப்பு ஆறு ஏற்றக் குரோமியத்தால் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2007 ஜூலை முதல் புதிய வண்டிகளில் அதற்குத் தடை போட்டது. ஏற்றுமதி செய்கிறவர்கள் மூன்று ஏற்றக் குரோமியத்துக்கு மாற வேண்டியதாயிற்று. நீல வெள்ளையாக மின்னும் போல்ட் அதன் அடையாளம்.

ஆலையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமல்ல. பாஸ்பேட் பாறையிலிருந்து செய்யும் உரத்தில் காட்மியம் கொஞ்சம் கலந்தே வருகிறது. பழைய பேட்டரி உடைக்கும் இடம், வாகனப் புகை, நகரத்தின் சாக்கடை என்று சிறு சிறு ஊற்றுகள் பல. இன்னொன்று, நுரையைப் போல உலோகம் வெயிலில் கரைந்து மறையாது. சோப்பை நுண்ணுயிர் தின்று தீர்க்கும். காட்மியத்தைத் தின்று தீர்க்க ஓர் உயிரும் பிறக்கவில்லை. வந்தது வந்ததுதான், சேர்ந்துகொண்டே போகும்.

ஆற்றின் மேல்பகுதியில் இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பெல்லந்தூர் ஏரித் தண்ணீர் பாயும் நிலங்களின் நீர், மண், பயிர் மூன்றிலும் ஏழு உலோகங்களை அளந்த ஓர் ஆய்வு 2006இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வந்தது. நெல்லிலும் காய்கறியிலும் சில உலோகங்கள் இந்திய வரம்பைத் தாண்டியிருந்தன. மண்ணிலிருந்து பயிருக்கு அதிகம் ஏறியவை துத்தநாகம், தாமிரம், ஈயம், காட்மியம். நிக்கலும் குரோமியமும் குறைவாக ஏறின. ஒரே மண்ணில் கிடக்கும் ஏழில் சிலவற்றை உள்ளே விட்டுச் சிலவற்றை நிறுத்தியது யார்? அந்த 7 நானோமீட்டர் சவ்வும் அதைச் சேர்ந்த ஆட்களும்தான்.

வேரின் நுனியிலிருந்து சற்று மேலே, தூவிகள் முளைக்கும் இடத்துக்குப் போவோம். ஒரு வேர்த்தூவி என்பது ஒரே செல். மண்துகள்களுக்கு நடுவே விரல்போல நீண்டது. வெளியே செல் சுவர். செல்லுலோஸ் வலையும் அதன் இடுக்கில் பெக்டினும் கொண்டது. ஜாம் கட்டியாவதற்குக் காரணமான அதே பெக்டின்தான். அதன் அமிலக் கைகளில் எதிர்மின்னூட்டம். நேர்மின்னூட்டமுள்ள உலோக அயனி அருகே வந்தால் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈயத்தின் பெரும்பகுதி இங்கேயே சிக்கிவிடும். ஆனால் சுவர் ஒரு சல்லடை மட்டுமே. உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அதற்கு அடுத்துள்ள சவ்வு.

சவ்வு என்ன காவல் காக்கிறது என்பதைச் சமையலறையிலேயே பார்க்கலாம். உழவர் சந்தையில் வாங்கிய பீட்ரூட்டைத் துண்டு போட்டு, வெட்டுவாயில் கசியும் சாயம் போகும்வரை அலசிவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வையுங்கள். தண்ணீர் தெளிவாகவே கிடக்கும். அதே துண்டை வெந்நீரில் போட்டால் சில நிமிடங்களில் தண்ணீர் சிவக்கும். பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த தண்ணீரிலும் சாயம் வழியும். சாயம் செல்லுக்குள் ஒரு பையில், அந்தப் பை செல்லின் சவ்வுக்குள். இரண்டு சவ்வுகளும் சரியாக இருக்கும்வரை ஒரு சொட்டு வெளியே வராது. சூடு சவ்வின் கொழுப்பை இளக்கிப் புரதங்களைக் குலைக்கிறது. சோப்பு வரிசைக்குள் புகுந்து கொழுப்பைக் கழற்றிக்கொண்டு போகிறது. கெலவரப்பள்ளி நுரைக்கும் வேருக்கும் இப்படி ஒரு நேரடிப் பகையும் உண்டு. அது போகட்டும், நம் வழக்கு உலோகத்தோடு.

சவ்வை வெறும் தடுப்பாக நினைத்தால் பாதிக் கதை விட்டுப்போகும். அது ஒரு பேட்டரி. வேர்ச் செல்லின் சவ்வில் பதிந்த ஒரு புரதப் பம்பு, உணவை எரித்துக் கிடைக்கும் ஆற்றலைச் செலவழித்து, ஹைட்ரஜன் அயனிகளை ஓயாமல் வெளியே தள்ளுகிறது. அதனால் உள்பக்கம் எதிர்மின், வெளிப்பக்கம் நேர்மின். வித்தியாசம் 120 முதல் 180 மில்லிவோல்ட். சின்ன எண்தான். 7, 8 நானோமீட்டர் தடிமனுக்குள் இவ்வளவு என்று கணக்குப் போட்டால் மீட்டருக்கு ஏறக்குறைய 2 கோடி வோல்ட்! இந்த மின்னழுத்தத்தை வைத்துத்தான் வேர் பொட்டாசியத்தையும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் மண்ணிலிருந்து இழுக்கிறது. மண்நீரில் ஒரு மில்லிமோலுக்கும் குறைவாகக் கிடக்கும் பொட்டாசியம் செல்லுக்குள் 100 மில்லிமோல் அளவில் நிற்பதற்கு இந்தப் பம்புதான் காரணம்.

சிக்கலும் இங்கேதான் பிறக்கிறது. உள்ளே எதிர்மின் என்றால் வெளியிலுள்ள நேர்மின் அயனி எதுவானாலும் உள்ளே வரத் துடிக்கும். இரண்டு ஏற்றம் கொண்ட அயனிக்கு இந்த ஈர்ப்பு வர்க்கமாகப் பெருகும். 120 மில்லிவோல்ட் சவ்வில், தடையில்லாத ஒரு வாசல் மட்டும் திறந்திருந்தால், ஈரேற்ற அயனி வெளியே இருப்பதைப் போல 10,000 மடங்கு உள்ளே சேரும் வரை வந்துகொண்டே இருக்கும் என்று மின்வேதியியல் கணக்கு சொல்கிறது. காட்மியமும் ஈயமும் நிக்கலும் ஈரேற்ற அயனிகள். ஆகவே மண்நீரில் மிகக் கொஞ்சம்தானே இருக்கிறது என்ற ஆறுதல் வேரிடம் செல்லாது. கொஞ்சத்தை நிறைய ஆக்குவதுதான் வேரின் தொழிலே.

வாசல் இருந்தால்தானே? இருக்கிறது, ஆனால் காட்மியத்துக்காகத் திறந்த வாசல் ஒன்றுகூட இல்லை. அது அடுத்தவர் டிக்கெட்டில் ஏறுகிறது. கால்சியம் அயனியின் ஆரம் 0.100 நானோமீட்டர், காட்மியத்தினுடையது 0.095. கால்சியக் கால்வாய் இருவருக்கும் வழிவிடுகிறது. இரும்பை இழுக்க வேர் வைத்திருக்கும் ‘ஐஆர்டி1’ என்ற கடத்துப் புரதம் 1996இல் அராபிடாப்சிஸ் செடியில் கண்டறியப்பட்டது. இரும்போடு துத்தநாகம், மாங்கனீசு, கோபால்ட், காட்மியம் எல்லாவற்றையும் அது உள்ளே விடுகிறது. மண்ணில் இரும்பு போதவில்லையென்றால் செடி இந்த வாசல்களை எண்ணிக்கையில் கூட்டும். பசியில் அதிகம் திறக்கும் வாசல் வழியே காட்மியமும் அதிகம் வரும். துத்தநாகக் குறை உள்ள மண்ணிலும் இதே நிலைமைதான். நம் மாநிலத்தில் துத்தநாகக் குறை உள்ள நிலம் ஏராளம் என்பதால் இது வெறும் பாடநூல் செய்தி அல்ல.

ஆறு ஏற்றக் குரோமியத்தின் வேடம் வேறு வகை. அது குரோமேட்டாகக் கரையும்போது நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த எதிர்மின் அயனி. பார்வைக்குச் சல்பேட்டின் உடன்பிறப்பு. கந்தகம் வேண்டித் திறந்திருக்கும் சல்பேட் வாசலில் நுழைந்துவிடும். ஆர்செனேட், பாஸ்பேட் போல் வருகிறது. நெல்லில் மாங்கனீசுக்கான ‘நிராம்ப்5’ என்ற வாசல்தான் காட்மியம் ஏறும் பெருவழி என்று 2012இல் ஜப்பானியர் கண்டார்கள். அயனிக் கற்றை பாய்ச்சி அந்த வாசல் பழுதான கோஷிஹிகாரி நெல்லையும் உருவாக்கினார்கள். தானியத்தில் காட்மியம் ஏறக்குறைய இல்லாமலே போனது. ஜின்சு ஆற்றங்கரையில் காட்மியம் ஏறிய அரிசியைத் தின்று எலும்பு நொறுங்கி ‘இதாய் இதாய்’, அதாவது ‘வலிக்கிறது வலிக்கிறது’, என்று கதறியவர்களின் நாட்டுக்கு அந்த வாசலைத் தேடும் அவசரம் இருந்ததில் வியப்பில்லை.

உள்ளே வருவதற்கு முன்பே, சவ்வின் மேற்பரப்பிலேயே சேதம் தொடங்கிவிடுகிறது. பாஸ்போலிப்பிடின் தலைகளில் எதிர்மின்னூட்டம். பக்கத்துப் பக்கத்துத் தலைகள் ஒன்றையொன்று தள்ளாமல் இருக்க நடுவில் கால்சியம் அயனி பாலம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. செங்கல்லுக்கு நடுவே சாந்து போல. தாமிரமோ ஈயமோ காட்மியமோ வந்து அந்தக் கால்சியத்தை நகர்த்திவிட்டு இடத்தைப் பிடித்தால் பிடிப்பு மாறுகிறது. சில இடங்கள் இறுகுகின்றன, சில இடங்கள் தளர்கின்றன. நீரில் கால்சியம் கூடுதலாக இருந்தால் அதே அளவு உலோகம் வேரைக் குறைவாகவே தாக்குகிறது. இந்த இடப்போட்டிதான் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அடுத்த அடி புரதங்களுக்கு. புரதங்களில் ஆங்காங்கே கந்தகம் தாங்கிய சிஸ்டீன் என்ற கண்ணி உண்டு. பாதரசம், காட்மியம், ஈயம் மூன்றுக்கும் கந்தகத்தின் மேல் தீராத மோகம். தண்ணீர் மட்டுமே போகும்படி சவ்வில் அமைந்த அக்குவாபோரின் வாயில்களைப் பாதரசம் இப்படித்தான் அடைக்கிறது; குழாய் வாயில் கல் சிக்கியதுபோல் கந்தகக் கண்ணியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கன உலோகம் பாய்ந்த வயலில் ஈரம் இருந்தும் செடி மதியத்தில் துவளுகிறதென்றால் வேர் தண்ணீர் குடிக்கும் வாய் அடைபட்டிருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஹைட்ரஜன் பம்பையும் காட்மியமும் தாமிரமும் மந்தமாக்குகின்றன. பம்பு நின்றால் பேட்டரி இறங்கும்; பேட்டரி இறங்கினால் இழுத்து வைத்த பொட்டாசியம் வெளியே வழியும். தாமிரக் கரைசலில் வைத்த வேரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பொட்டாசியக் கசிவை அளக்க முடிகிறது.

ஆனால் சவ்வை நிரந்தரமாகக் கெடுப்பது இந்த இரண்டைவிடவும் மூன்றாவது ஒன்று. அதற்கு நமக்குத் தெரிந்த பெயர் சிக்கு. பழைய கடலை எண்ணெயில் அடிக்கும் வாடை எதனால் வருகிறது? எண்ணெயிலுள்ள கொழுப்பமில வாலில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. இரண்டு இரட்டைப் பிணைப்புக்கு நடுவே மாட்டிய ஹைட்ரஜன் லேசாகக் கழன்றுவிடும். கழன்ற இடத்தில் ஆக்சிஜன் ஒட்டும்; ஒட்டியது பக்கத்து வாலிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கும்; அது அடுத்ததிலிருந்து பிடுங்கும். ஒரு பொறி போதும், வைக்கோல்போரில் தீ பரவுவதுபோல் வரிசையாகப் போகும். வேர்ச் சவ்வின் வால்களிலும் அதே லினோலெயிக், லினோலெனிக் அமிலங்கள்தான். சவ்வு நெகிழ்வாக இருக்க இந்த இரட்டைப் பிணைப்புகள் வேண்டும். நெகிழ்வுக்குக் கொடுக்கும் விலை, சிக்குப் பிடிக்கும் அபாயம்.

பொறியைப் போடுவது உலோகம். தாமிரம், இரும்பு போன்றவை எலக்ட்ரானைக் கொடுத்து வாங்கும் வித்தை தெரிந்தவை. செல்லில் இயல்பாக உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பிளந்து, எதிரில் பட்டதையெல்லாம் தாக்கும் ஹைட்ராக்சில் உறுப்பை நேரடியாக உருவாக்கும். காட்மியத்துக்கு அந்த வித்தை தெரியாது. அது தீ வைப்பதில்லை, தீயணைப்பு வண்டியைப் பஞ்சர் செய்கிறது. தீயை அணைக்கும் குளூட்டாதயோனைத் தீர்த்துவிடும். புரதங்களில் உட்கார்ந்திருந்த இரும்பை வெளியே தள்ளிவிடும். சவ்விலேயே இருக்கும் ஒரு நொதியைத் தூண்டிப் புதிதாக ஆக்சிஜன் உறுப்புகளைச் சுரக்க வைக்கும். முடிவு ஒன்றுதான். வால்கள் உடைந்து துண்டாகின்றன, வரிசையில் ஓட்டை விழுகிறது. உடைந்த துண்டுகளில் மலோண்டையால்டிஹைடு ஒன்று. தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்தால் இளஞ்சிவப்பாகும். உணவுத் தொழிலில் கொழுப்பு கெட்டுவிட்டதா என்று பார்க்கும் அதே சோதனையைத்தான் தாவர ஆய்வகங்களில் வேரை அரைத்துச் செய்கிறார்கள்.

நல்லெண்ணெய் மற்ற எண்ணெய் போலச் சீக்கிரம் சிக்குப் பிடிக்காது என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அதிலுள்ள செசமோல் வகைப் பொருள்கள் சங்கிலியை நடுவில் அறுக்கின்றன. வேர்ச் சவ்விலும் வைட்டமின் ஈ அந்த வேலையைச் செய்கிறது. பெராக்சைடைத் தண்ணீராக்க கேட்டலேஸ், பெராக்சிடேஸ் நொதிகள் சுற்றிலும் நிற்கின்றன. தாக்குதல் நீடித்தால் செடி சவ்வின் கலவையையே மாற்றிக்கொள்வதும் உண்டு: இரட்டைப் பிணைப்பு குறைந்த வால்கள், கூடுதல் ஸ்டீரால். கொஞ்சம் விறைப்பாகும், ஆனால் எளிதில் எரியாது. நெகிழ்வை விட்டுக்கொடுத்து உயிரை வைத்துக்கொள்ளும் பேரம்.

இதையெல்லாம் பார்க்கப் பெரிய கருவிகள் வேண்டும் என்பதில்லை. வேர்த்துண்டுகளைச் சுத்தமான வடிநீரில் ஊறவைத்து அந்த நீரின் மின்கடத்தலை அளந்தால் எவ்வளவு கசிகிறது என்று தெரியும். பிறகு கொதிக்க வைத்து மொத்தமாகக் கசியவிட்டு இன்னொரு முறை அளந்தால் விகிதம் கிடைக்கும். இவான்ஸ் நீலம் என்ற சாயம் நல்ல சவ்வுக்குள் நுழையாது. கெட்ட செல்லை மட்டும் நீலமாக்கும். உலோகக் கரைசலில் வைத்த வேரின் நுனி நீலமாவதைக் கை உருப்பெருக்கியிலேயே பார்க்கலாம். வெங்காயத்தின் அடியைத் தண்ணீரில் தொட வைத்து, வேர் எத்தனை மில்லிமீட்டர் வளர்கிறது என்று நீரின் நச்சை எடைபோடும் முறை உலகம் முழுக்க இருக்கிறது. ஆற்றோரப் பள்ளிகளில் ஒரு வாரத்தில் செய்யக்கூடிய சோதனை. ஏன் ஒருவரும் செய்வதில்லை என்றுதான் எனக்குப் புரிவதில்லை.

சவ்வைத் தாண்டி உள்ளே வந்த காட்மியத்தைச் செடி என்ன செய்கிறது என்ற கேள்விக்கு 1985இல் மியூனிக்கில் விடை கிடைத்தது. அந்த விடை கிடைத்த செடி நம் சர்ப்பகந்தி. இரத்த அழுத்தத்துக்கு மருந்து தந்த அதே மூலிகை. அதன் செல்களைக் குடுவையில் வளர்த்துக் காட்மியம் கொடுத்தபோது, கந்தகம் நிறைந்த குட்டிப் புரதச் சங்கிலிகள் உண்டாயின. ஃபைட்டோகெலாட்டின் என்று பெயர் வைத்தார்கள். குளூட்டாதயோனைக் கோத்துக் கோத்துச் செய்த கயிறு அது. உலோகத்தைக் கட்டி, செல்லின் நடுவிலுள்ள வாக்குவோல் என்ற பைக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறது. பீட்ரூட் சாயம் இருந்த அதே பை. உள்சவ்வின் காவல் வெளிச்சவ்வு கோட்டைவிட்டதை ஈடுகட்டுகிறது.

எல்லா உலோகமும் இப்படி அடைபடுவதில்லை. வேரின் புறணியைத் தாண்டி நடுக்குழாய்க்குப் போகும் வழியில் அகத்தோல் என்ற ஒற்றை அடுக்கு; அதன் செல்களின் இடுக்கை மெழுகு பூசியதுபோல் காஸ்பேரியன் பட்டை அடைத்திருக்கிறது. சுவரின் இடுக்கில் ஊர்ந்து வந்தவையெல்லாம் இங்கே நின்றாக வேண்டும். சவ்வின் அனுமதி இல்லாமல் மேலே போக முடியாது. ஈயம் பெரும்பாலும் இங்கேயே நிற்கிறது. குரோமியம் வேருக்குள் வந்ததும் மூன்று ஏற்றத்துக்கு இறங்கிச் சுவரோடு ஒட்டிவிடுகிறது. காட்மியமோ துத்தநாகத்தின் கூடவே அதன் பம்புகளில் ஏறி நடுக்குழாய்க்குப் போய் இலையை அடைகிறது. பெல்லந்தூர் அளவீட்டில் குரோமியம் பின்தங்கியும் காட்மியம் முன்னேறியும் நின்றதன் சூட்சுமம் இதுதான்.

பாசன நீருக்கான உணவு வேளாண் அமைப்பின் வழிகாட்டு வரம்புகளைப் பார்த்தால் முதலில் தூக்கிவாரிப் போடும். ஈயம் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை, காட்மியம் 0.01 மட்டுமே. நம் குடிநீர்த் தரத்தில் ஈயத்துக்கே 0.01தான். பாசனத்தில் ஈயத்துக்கு இத்தனை தாராளம் ஏன்? மண்ணும் சுவரும் அகத்தோலும் அதைப் பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. காட்மியத்திடம் அந்த நம்பிக்கை கிடையாது.

இந்த இடத்தில் நான் சுற்றி வளைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். சவ்வு கெட்டுச் செத்துப்போகும் செடியால் நமக்கு ஆபத்தில்லை. அது சந்தைக்கு வராது. பயப்பட வேண்டியது தப்பிப் பிழைத்த செடிக்குத்தான். தன் செல்களைக் காப்பாற்றிக்கொள்ள உலோகத்தைப் பைக்குள் பூட்டி, தளதளவென்று நின்று, கட்டுக் கட்டாக வண்டியேறுகிற கீரை. செடியின் வெற்றி அதை உண்பவருக்குத் தோல்வியாகலாம். கடுகு இனம் இதில் பேர்போனது. காட்மியத்தை இலையில் சேர்க்கும் திறமைக்காகவே கெட்ட மண்ணைத் துப்புரவாக்க இந்தியக் கடுகை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.

அப்படியானால் ஓசூர்ப் பக்கத்து விவசாயி என்ன பயிரிடுகிறார் என்பதும் பேச்சுக்கு வருகிறது. இங்கே ரோஜா உண்டு, சூளகிரிப் பக்கம் கொத்தமல்லித் தழை உண்டு, இராயக்கோட்டையில் தக்காளி, கிருஷ்ணகிரியில் மா, மேட்டில் கேழ்வரகு. பொதுவாக இலையில் சேர்வது அதிகம், கிழங்கில் அதற்கடுத்து, தானியத்திலும் கனியிலும் குறைவு. சந்தேகமான நீர் பாயும் நிலத்தில் கீரையை விட்டுவிட்டுப் பூவுக்கு மாறுவது, அறிவியல் சொல்லாமலேயே இப்பகுதிக்குக் கைவந்த தொழில். பூவை யாரும் பொரியல் செய்வதில்லை.

மண்ணைத் திருத்தவும் வழி உண்டு. இங்குள்ள செம்மண்ணுக்கு அயனிகளைப் பிடித்து வைக்கும் சக்தி கம்மி. அதுவும் புளிப்பேறிய மண்ணில் உலோகம் எளிதில் கரைந்து வேரிடம் வந்துவிடும். சுண்ணாம்பு போட்டால் புளிப்பு குறைந்து உலோகம் கரையாத உப்பாக உட்கார்ந்துவிடும். பிளேட்டிங் பட்டறைச் சுத்திகரிப்புத் தொட்டியில் ஆறு ஏற்றக் குரோமியத்தை மூன்றாக்கி, சுண்ணாம்பு போட்டு அடியில் இறக்குகிறார்களே, அதே வேதியியல்தான் வயலிலும். சுண்ணாம்பில் இரண்டாவது லாபம் கால்சியம். சவ்வின் சாந்தைத் திரும்பப் பூசுகிறது. தொழுவுரம் உலோகத்தைக் கட்டிவைக்கும். துத்தநாகக் குறை உள்ள நிலத்தில் துத்தநாக சல்பேட் இட்டால் காட்மியம் ஏறும் வாசலில் போட்டி கூடும். நெல்வயலில் தண்ணீர் கட்டி வைத்தால் காட்மியம் சல்பைடாகி அடங்கும்; ஆனால் ஆர்செனிக் இருக்கும் நிலத்தில் அதே தண்ணீர் ஆர்செனிக்கை அவிழ்த்துவிடும். எதற்கு எது என்று தெரியாமல் கைவைக்கக் கூடாத இடம் இது.

அணை வண்டலைப் பற்றியும் ஒரு சொல். ஏரி வண்டலை வயலில் கொட்டுவது நம் பழைய, நல்ல பழக்கம். ஆனால் தொழிற்சாலையும் பெருநகரமும் மேலே இருக்கும் அணையின் வண்டல், உலோகம் வந்து உட்காரும் இடம். அதை அள்ளி வயலில் போடும் முன் ஒரு முறை சோதிப்பது, கொட்டிவிட்டுச் சோதிப்பதைவிட மலிவு.

சோதனைக்குத் தண்ணீர் எடுத்துப் போகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரு சின்ன இடத்தில். கழுவின பாட்டிலில் ஆற்றுநீரைப் பிடித்து, இரண்டு நாள் வைத்திருந்து ஆய்வகத்தில் கொடுப்பார்கள். உலோகத்துக்கான மாதிரி என்றால் நீர் பிடித்த உடனே நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். அளவை 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். விடாவிட்டால் வேரின் சுவரில் ஒட்டுவதுபோலவே உலோகம் பாட்டிலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். கருவிக்குள் போவது மீதமுள்ள தண்ணீர்தான். சீட்டில் வருவது உண்மையைவிடக் குறைந்த எண். பாட்டில் குப்பைத் தொட்டிக்குப் போகும், ஒட்டியதும் அதோடு போகும்.